கடைசி டப்பாவின் எடை

என் அப்பளம் எடை குறைகிறது என்று முதல் தடவை சொன்னபோது அக்கா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"என்னட்டி, ராத்திரி பசிச்சுதா? சுட்டுத் தின்னுட்டியா?"

நின்றிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு பேர் முன்னால் எனக்கு வாய் திறக்க வராது. சிரித்துவிட்டால் அதோடு போய்விடும் என்று அப்போது நினைத்தேன்.

அக்கா என்றால் என் கூடப் பிறந்தவள் இல்லை. தாராவியில் எங்கள் கல்லிக்கு, அதாவது சந்துக்கு, அடுத்த கல்லியில், பெண்களுக்கு அப்பள மாவு கொடுத்து வேலை வாங்குகிறவள். எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். விடியுமுன் அவள் வீட்டில் மாவு பிசைந்து, கிலோ கணக்கில் உருண்டை பிடித்து வைத்திருப்பார்கள். நாங்கள் வாங்கி வந்து வீட்டில் இட்டு, கவிழ்த்த கூடைகளின் மேல் கல்லியிலேயே காயவைத்து, மறுநாள் காலையில் டப்பாவில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ மாவுக்கு எண்ணூறு கிராம் அப்பளம் வர வேண்டும் என்பது கணக்கு. மீதி, காயும்போது போகிற தண்ணீர். அதற்கும் கீழே போனால் மாவு எங்கோ போயிருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே ஆள் வரிசையில் நிற்க வேண்டாம், டப்பா நின்றால் போதும். அவரவர் வந்து அக்கா வீட்டு வாசலில் டப்பாவை வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கவோ பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பவோ போய்விடலாம். என் டப்பா எப்போதும் கடைசியில்தான் இருக்கும். தாமதமாகப் போகிறேன் என்பதில்லை. "எனக்கு அவசரம், கொஞ்சம் தள்ளி வச்சிக்கிடட்டுமா?" என்று யாராவது கேட்டால் என்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொருவராகக் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்காமலே தள்ளி வைத்தார்கள். கொஞ்ச நாளில் நானே கொண்டுபோய்க் கடைசியில் வைக்கத் தொடங்கினேன்.

எடை போடுவது எலக்ட்ரானிக் தராசில். பம்பாயில் நாங்கள் அதைக் காட்டா என்போம். சிவப்பு எழுத்தில் கிராம் வரை காட்டும். காலையில் வீட்டுக்குள், பிளக்கில் செருகி, மாவு எடை போடுவார்கள். அப்புறம் அதை வெளியே தூக்கி வந்து வாசல் பலகையில் வைப்பாள் அக்கா. உள்ளே பெண்கள் நிற்க இடம் இல்லை, வாசலில் பிளக் இல்லை. வெளியே இருக்கும் நேரம் முழுவதும் அது தன் வயிற்றில் இருக்கிற பேட்டரியில்தான் ஓடும்.

மழை முடிந்த கையோடு அந்தப் பேட்டரி செத்துப்போனது. பிளக்கைப் பிடுங்கினால் எழுத்து அணைந்துவிடும். இரண்டு மூன்று நாள் ஒயர் இழுத்துப் பார்த்தாள். ஒயர் தடுக்கி ஒருத்தி மாவுச் சட்டியோடு விழுந்தாள். மறுநாள் காட்டா ஒயர் இல்லாமல் எரிந்தது.

"புது பேட்டரி போட்டாச்சு. இனி யாரும் விழாண்டாம்," என்றாள் அக்கா.

அதற்கப்புறம்தான் என் எடை குறைய ஆரம்பித்தது. இதை இன்றைக்கு எழுதும்போது சேர்த்து எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குச் சேர்க்கத் தெரியவில்லை. நான் காட்டாவைப் பார்க்கவே இல்லை, அக்காவின் கையைத்தான் பார்த்தேன்.

இரண்டாவது தடவை அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது தடவை என் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். மற்றவர்களுக்கும் சில நாள் கொஞ்சம் குறைந்தது. அது பத்து, இருபது கிராம். காற்று, காய்ச்சல் என்று விட்டுவிட்டாள். எனக்கு மட்டும் இருநூறு கிராம் வரை போனது. மூன்று கிலோ மாவில் இருநூறு கிராம் என்றால் ஒரு பெரிய கட்டு அப்பளம்.

தையல்காரர் மனைவி என்று ஒருத்தி இருந்தாள். எங்கள் கல்லி முனையில் அவள் புருஷனுக்குத் தையல் மெஷின். மத்தியானத்தில் அவளும் நானும் மாட்டுங்காவில் ஒரே கட்டிடத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள். நான் முதல் மாடியில் வயதான பாலக்காட்டுத் தம்பதிக்குச் சமைக்கிறேன். அவள் மூன்றாவது மாடியில் பாத்திரம் தேய்க்கிறாள். நாலாவது தடவை என் எடை குறைந்தபோது அவள்தான் சொன்னாள்.

"மாட்டுங்கா மாமிக்குத் தனியாப் போகுதோ என்னமோ. அவியளுக்கு நம்ம அப்பளம்னா ரொம்ப இஷ்டமாமே."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அது கேலி. சிரிக்காவிட்டால் எல்லாரும் அதை ஏற்கெனவே தங்களுக்குள் பேசியிருக்கிறார்கள்.

மாமிக்கு நான் அப்பளம் கொடுத்ததே இல்லை. அவர்கள் வீட்டில் ஊரிலிருந்து பார்சல் வரும். ஆனால் இந்தப் பேச்சு மூன்றாவது மாடிக்கு ஏறி, முதல் மாடிக்கு இறங்க எத்தனை நேரம் ஆகும்? கையை நம்பித்தானே ஒருவர் தன் சமையலறையைத் திறந்துவிடுகிறார்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பை தைக்கிற பட்டறையில் ஜிப் வைக்கிறவர். சர்வே என்று கதவில் நம்பர் எழுத வந்தவர்களிலிருந்து கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவன் வரை யாரையும் நம்பாதவர்.

"அவதான் தூக்குதா. காட்டால கட்டைவிரலை எங்க வைக்கான்னு பாரு. இல்லாட்டி விட்டுட்டு வந்திரு."

"விட்டா நான் எடுத்ததா ஆயிரும்லா?"

"அப்ப எடுக்கலன்னு சொல்லு."

சொல்வது அவருக்குச் சுலபம். அன்று சாப்பிட்டுக் கை கழுவியவர், ஸ்டூலில் ஏறி மேலே பலகையில் இருந்த மூட்டைகளை நகர்த்திப் பார்த்தார். குடை தேடுகிறேன் என்றார். மழை முடிந்து எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அதற்குப் பிறகு எனக்கும் யாரையும் நம்ப முடியவில்லை. வரிசையில் டப்பாவை வைத்துவிட்டு நகராமல் பக்கத்திலேயே நின்றேன். அக்கா என் டப்பாவைத் தட்டில் வைக்கும்போது அவள் கட்டைவிரல், அவள் சேலைத் தலைப்பு, பலகைக்கு அடியில் அவள் முழங்கால், எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றும் படவில்லை. படாமலே செய்கிறாள், அவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் இப்படித்தான். ஒன்றும் தெரியாததே ஒரு சாட்சி ஆகிவிடும்.

ஒரு நாள் போகிற வழியில் மளிகை விற்கிற கிரானா சேட் கடையில் என் டப்பாவை எடை போட்டுப் பார்த்தேன். காலி டப்பாவின் எடை மூடியிலேயே எழுதியிருக்கும், கழித்தால் ஆயிற்று. மூன்று கிலோ மாவுக்கு இரண்டு கிலோ நானூறு வர வேண்டும். சேட் காட்டாவில் நானூற்றுப் பத்து வந்தது. சேட் கையைக் கட்டிக்கொண்டு, "க்யா பாபி, யாரைச் சோதிக்கிறீங்க? என்னையா, அக்காவையா?" என்று இந்தியில் கேட்டார். நான் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கால் மணி நேரத்தில் அக்கா வீட்டு வாசலில் அதே டப்பா இரண்டு கிலோ இருநூற்றுச் சில்லறை காட்டியது.

அப்போது எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா திருடுகிறாள். என்னிடம் மட்டும் திருடுகிறாள், நான் வாய் திறக்க மாட்டேன் என்று தெரிந்து.

ஆனால் தசரா அன்றைக்கு ஒன்று நடந்தது. பாதிப் பேர் வரவில்லை. வாசலில் நாலைந்து டப்பாதான். அன்றும் நான்தான் கடைசி. எடை சரியாக வந்தது. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "பாத்தியா, மனசு வச்சா வருதுல்லா?" என்றாள். நல்ல நாளில் திருட வேண்டாம் என்று விட்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். பண்டிகைக்குப் பயந்து நான் திருடவில்லை என்று அவள் நினைத்திருக்கிறாள். பின்னால் அவளே சொன்னாள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை மறுபடி குறைந்தது. அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வது போலச் சொன்னாள்.

"நாளைக்கும் குறைஞ்சா மாவு கிடையாது. கூட்டத்துல ஒருத்தி இப்படி இருந்தா எல்லாருக்கும் கெட்ட பேரு."

தையல்காரர் மனைவி என்னைப் பார்க்காமல் தன் டப்பா மூடியைத் துடைத்தாள்.

அன்றிரவு எனக்கு ஒரே ஒரு யோசனைதான் வந்தது, அதுவும் பயத்தில் வந்த யோசனை. கூட்டம் சேர்வதற்கு முன்னால் போய்விட வேண்டும். அவமானம் நடந்தாலும் ஆள் இல்லாமல் நடக்கட்டும். எடை பற்றி நான் ஒன்றும் கண்டுபிடித்துவிடவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே என் டப்பா வாசலில் இருந்தது. முதலாவதாக. பிறகு வந்தவர்கள் என் டப்பாவைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். ஒருத்தி நகர்த்தக் கை வைத்தாள். நான் டப்பாவின் மூடி மேல் என் கையை வைத்துக்கொண்டேன். அவள் தன் டப்பாவைப் பின்னால் வைத்தாள். ஆனால் அக்கா காட்டாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவதற்குள் எல்லாரும் வந்து சேர்ந்துவிட்டார்கள், தையல்காரர் மனைவியைத் தவிர.

தட்டில் வைத்தாள். இரண்டு கிலோ நானூற்றுப் பதினைந்து.

"இன்னைக்கு மட்டும் எப்படி வந்துது?" என்று அக்கா கேட்டாள். சந்தோஷமாகக் கேட்கவில்லை. நேற்றுச் சொன்ன சொல்லுக்குப் பயந்து சரியாகக் கொடுத்திருக்கிறேன், ஆகவே இத்தனை நாள் எடுத்தது நான்தான் என்று ஆகிவிட்டது. கூட்டத்தின் முகத்திலும் அதுதான் தெரிந்தது. எடை குறைந்திருந்தாலும் திருடி, சரியாக இருந்தாலும் திருடி.

அக்கா என் அப்பளத்தை வழக்கம்போல ஒரு பிளாஸ்டிக் பையில் கொட்டி, முடிச்சுப் போட்டு உள்பக்கம் வைத்தாள். உடைசல் பார்க்கிற வரைக்கும் அவரவர் பை தனித்தனியாகத்தான் இருக்கும். மாவை வாங்கிக்கொண்டு நான் போயிருக்க வேண்டும். போகவில்லை. கால் நகரவில்லை என்பதுதான் உண்மை.

தையல்காரர் மனைவி அன்று தாமதம். அவள் டப்பாதான் கடைசி. அக்கா அதைத் தட்டில் வைத்தாள். எழுத்து கொஞ்சம் மங்கி, ஏறி இறங்கி, நின்றது. அக்கா இன்னொரு தடவை எடுத்து வைத்தாள்.

"உனக்கு இருநூறு குறையுதே."

"எனக்கா?"

"நீயே பாரு."

அவள் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "என் டப்பால யாரு கை வச்சது? இவ இன்னைக்கு என்னத்துக்கு இங்கயே நிக்கா?"

அவள் டப்பா வந்ததே கடைசியில், அவள் கையோடு. அதை யாரும் யோசிக்கவில்லை. எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் அக்கா.

"என் பையை மறுபடி வைங்க."

"உன்னோடது அப்பமே சரியா இருந்துதே."

"வைங்க யக்கா."

உள்ளேயிருந்து என் பையை எடுத்து வந்தாள். அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. தட்டில் வைத்தாள். இரண்டு கிலோ நூற்றுத் தொண்ணூறு.

பக்கத்து வீட்டில் குக்கர் சத்தம் போட்டது. பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் பையையும் வை, என் பையையும் வை என்று ஒவ்வொருத்தியும் உள்ளே கை நீட்டினாள். வைத்த பை எல்லாம் குறைந்தது.

தையல்காரர் மனைவிதான் முதலில் மாறினாள். "அப்போ நீதான் யக்கா இத்தன நாளும் காட்டாவ வச்சு விளையாடுத."

"என் பிள்ளைய மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் அக்கா. அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நேற்று வரை என் முகம் அப்படித்தான் இருந்திருக்கும். அது நடிப்பாக இருக்கலாம் என்றும் தோன்றியது. பழகிவிட்ட சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை.

அக்கா தட்டைக் காலி செய்தாள். ஒன்றும் இல்லாத தட்டுக்கு முன்னால் எழுத்து பூஜ்யத்துக்குக் கீழே போய்த் தத்தளித்தது. அவள் காட்டாவைத் தலைகீழாகத் திருப்பினாள். அப்போதுதான் அந்த வாடை மூக்கில் ஏறியது. அழுகின முட்டை மாதிரி. அத்தனை நாளும் அது அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் சுவர் முதல் சேலை வரை பெருங்காயம் மணக்கும், அதில் இது யாருக்குத் தெரியும்?

அடியில் இருந்த மூடியைக் கத்தியால் நெம்பினாள். பேட்டரி வெளியே வரவில்லை. நடுவில் வீங்கிப் பக்கவாட்டில் இறுகியிருந்தது. ஒரு பக்கத்தில் மட்டும் இடைவெளி. அது ஆடாமல் இருக்க அங்கே அட்டை மடித்துச் செருகியிருந்தது. பேட்டரி மேல் பெரிதாக 4V என்று போட்டிருந்தது.

அந்த எழுத்தை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு எமர்ஜென்சி விளக்குக்குப் பேட்டரி வாங்கப் போனபோது கடைக்காரர், "நாலா, ஆறா?" என்று கேட்டார். நான் முழித்தேன். அவரே விளக்கைத் திறந்து பழையதில் எழுதியிருந்ததைக் காட்டி, நாலு என்றார். இரண்டும் கறுப்பு டப்பாதான், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். நாலு கொஞ்சம் ஒல்லி.

காட்டாவின் அடியில் ஒட்டியிருந்த காகிதத்தில் எண்ணெயும் மாவும் படிந்திருந்தது. சேலைத் தலைப்பால் துடைத்தேன். எட்டாவது வரை நான் படித்தது தமிழ் ஸ்கூலில். ஆனாலும் எண்ணைப் படிக்கலாமே. 6V.

"இதுக்கு ஆறு வேணும். போட்டிருக்கது நாலு," என்றேன். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது.

பேட்டரியை அட்டையோடு கத்தியால் கிளப்பி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, அக்கா அதை வாங்கிய மெயின் ரோட்டுக் கடைக்குப் போனாள். ஏன் என்னை என்று தெரியவில்லை. சாட்சிக்காக இருக்கும், அல்லது நான் அங்கே நின்று மற்றவர்களிடம் பேசாமல் இருப்பதற்காக இருக்கும். கடைக்காரர் பேட்டரியைக் கையில் வாங்காமல் காகிதத்தின் மேல் வைக்கச் சொன்னார். அவர் இந்தியில் சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது: பிளக்கில் இருக்கும்போது ஆறுக்கான கரன்ட் நாலுக்குள் போயிருக்கிறது, அதனால் வீங்கிவிட்டது. பிளக்கைப் பிடுங்கினதும் உள்ளே ஏறியிருந்த கொஞ்சம் கூடுதலில் சற்று நேரம் ஒழுங்காக ஓடும். அது இறங்க இறங்க எழுத்து எரியும், எண் பொய் சொல்லும்.

முதல் டப்பாக்களுக்கு உண்மை, கடைசி டப்பாவுக்குப் பொய். தசரா அன்று நாலைந்து டப்பாதான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இவன்தான் இதைக் குடுத்தான்," என்றாள் அக்கா.

"எமர்ஜென்சி லைட்டுல இருக்கிற மாதிரி வேணும்னு நீங்கதான் கேட்டீங்க," என்றார் அவர்.

"பொய் சொல்லுதான். காட்டாவுக்குன்னு சொல்லித்தான் கேட்டேன்."

"காட்டாவைக் கொண்டுவாங்கன்னு சொன்னேன். வந்தீங்களா?"

நான் அந்த மடித்த அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதுபத்தி டப்பாவின் அட்டை. இடைவெளி இருக்கிறது, இது இதற்கான பேட்டரி இல்லை என்று அட்டையைச் செருகிய கைக்குத் தெரிந்திருக்கும். அக்கா வீட்டில் தினமும் ஊதுபத்தி ஏற்றுவாள். ஆனால் கடைக்காரரின் தலைக்கு மேலேயும், சாமி படத்துக்கு முன்னால், ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. யார் செருகினது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு பேரும் மற்றவரைக் காட்டியிருப்பார்கள்.

ஆறு என்று எழுதியிருந்ததை எடுத்து வந்தார். மீட்டரில் வைத்துக் காட்டச் சொன்னேன். காட்டினார். ஆறுக்குச் சற்று மேலே நின்றது. அக்கா என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இவளா பேசுகிறாள் என்று நினைத்திருப்பாள்.

அன்றைக்கே எனக்கு மாவு கிடைத்தது. மன்னிப்பு என்று யாரும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் அக்கா, "தசரா அன்னைக்கு நான் உன்னைத் தப்பா நினைச்சிட்டேன்ட்டி," என்று மட்டும் சொன்னாள். தையல்காரர் மனைவி மாட்டுங்காவுக்கு ரயில் ஏறும்போது எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்து வைத்தாள். மூன்றாவது மாடியில் என்ன சொல்லியிருந்தாள், என்ன சொல்லாமல் விட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு சில நாள் மாமி என்கூடவே வந்து சமையலறையில் நின்றாள். வழக்கமாகவே நிற்கிறவள்தான். ஆனாலும் நான் பெரிய டப்பாக்களை அவள் பார்க்கும்படி திறந்து திறந்து மூடினேன்.

அக்கா ஒரு வழக்கம் கொண்டுவந்தாள். எடை போடத் தொடங்கும் முன்னால், எல்லார் கண்முன்னும் ஒரு கிலோ உப்பு பாக்கெட்டைக் காட்டாவில் வைப்பாள். கடைசி டப்பா முடிந்ததும் மறுபடி வைப்பாள். இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால்தான் கணக்கு. என் டப்பா இப்போது வந்த நேரத்துக்கு எந்த இடமோ அந்த இடத்தில் நிற்கிறது. சேட் கடையில் எடை போடுவதை மட்டும் நான் விடவில்லை. இதை இங்கேதான் முதலில் சொல்கிறேன்.

இந்த வருஷ மழை தொடங்கிய வாரத்தில், அக்கா வழக்கம்போல உப்பை வைத்தாள். ஒரு கிலோவும் கொஞ்சமும் காட்டியது. "சரியா இருக்கு பாத்துக்கிடுங்க," என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். நான் பாக்கெட்டைப் பார்த்தேன். ஒரு மூலை கிழிந்து, உள்ளே உப்பு நசநசவென்று ஈரம் குடித்திருந்தது. குடித்த ஈரத்துக்கும் எடை உண்டு.

"யக்கா," என்றேன். "வேற பாக்கெட் வைங்க."